கரடி முதல்வர் கட்டிப்பிடிக்காத வாத்தியார்

நாவல்மரக் குளத்தங்கரையில் விலங்குகள் சேர்ந்து ஓர் அறிவியல் கல்லூரி நடத்தின. அதற்கு முதல்வர் மாசானம் என்கிற கரடி. வாசல் பாறையில் ஒரு வாசகம் பெரிதாகச் செதுக்கியிருந்தது: 'தொட்டுப் பார், மோந்து பார், அப்புறம் நம்பு.' புதிதாகச் சேரும் குட்டி எதுவானாலும் அதை உரக்கச் சொன்னால்தான் மாசானம் உள்ளே விடுவார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதல்வரே அதை மறந்துபோன கதைதான் இது.

வருஷத்துக்கு ஒருமுறை அங்கே விருது விழா நடக்கும். நன்றாகப் பாடம் எடுத்த ஆசிரியருக்கு ஒன்று, கல்லூரிக்காக உழைத்த பணியாளருக்கு ஒன்று, படித்துவிட்டுப் போய் காட்டுக்கு நல்லது செய்த பழைய மாணவருக்கு ஒன்று. பதக்கம், கேடயம், பொன்னாடை எதுவும் கிடையாது. விருது பெறுகிறவரை மேடைப் பாறைக்கு வரவழைத்து, ஊரே பார்க்க முதல்வர் இறுகக் கட்டிப்பிடிப்பார். அதுதான் விருது. ஒரு தடவை அதை வாங்கிய தவளை, அந்தக் கரடி வாசம் போய்விடும் என்று ரொம்ப நாள் குளத்தில் இறங்காமலே கரையில் உட்கார்ந்திருந்தது.

எந்தக் குட்டியிடம் கேட்டாலும், 'எங்களுக்கு ரொம்பப் பிடிச்சவர் சடையப்பர் சார்தான்' என்று சொல்லும். வேர், கிழங்கு, மண் எல்லாம் அவர் பாடம். எதைத் தின்றால் வயிறு நிறையும், எதைத் தின்றால் உயிர் போகும் என்று சொல்லிக்கொடுப்பவர் அவர். ஆனால் ஆசிரியர் விருது மட்டும் அவருக்குக் கிடைத்ததே இல்லை. ஏனென்றால் சடையப்பர் ஒரு முள்ளம்பன்றி.

மாசானத்துக்கு முள் என்றால் பயம். சின்ன வயதில் தேன் எடுக்கப் போய்க் கள்ளிப் புதரில் விழுந்த நாளிலிருந்து அப்படி. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, 'எனக்குப் பயமாயிருக்கிறது' என்று வாய் திறந்து சொல்ல முடியுமா? அதனால் வருஷா வருஷம் ஒரு சப்பைக்கட்டு கட்டுவார். "பாடம் இன்னும் கொஞ்சம் தெளிவா இருக்கலாம்" என்பார் ஒரு வருஷம். "அனுபவம் வரட்டும், பார்ப்போம்" என்பார் அடுத்த வருஷம். சடையப்பரும் தலையை ஆட்டிக்கொண்டு போவார்.

இந்த வருஷ விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு சடையப்பர் நாவல் மரத்தடிக்கு வந்தார். முதுகு முட்கள் லேசாகக் கிலுகிலுத்தன. மாசானம் அவரைப் பார்த்ததும் வழக்கம்போல இரண்டடி தள்ளி உட்கார்ந்தார்.

"ஐயா, விழா முடிஞ்சதும் நான் கிளம்பிடுறேன்" என்றார் சடையப்பர்.

"எங்கே? சொந்தக்காரங்க வீட்டுக்கா?"

"இல்லைங்க ஐயா. வேலையை விட்டே போறேன். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வளை பார்த்து வெச்சிருக்கேன்."

மாசானம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன்யா? யார் என்ன சொன்னாங்க?"

"யாரும் எதுவும் சொல்லலை. எனக்கே தெரியுது. நீங்க தெளிவு போதாதுன்னு சொன்னீங்க, பாடத்தை முழுக்க மாத்தினேன். அனுபவம் வேணும்னு சொன்னீங்க, காடு பூரா தோண்டித் தோண்டிப் பார்த்தேன். இன்னும் ஏதோ குறை இருக்கு. அது என்னன்னு எனக்குப் புரியலை. குறையுள்ள வாத்தியார் கிட்ட பிள்ளைங்க விஷக்கிழங்கைப் பத்திப் படிக்கலாமா, சொல்லுங்க? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை என்று சொல்ல மாசானத்தின் வாய் துடித்தது. சொன்னால், அப்புறம் ஏன் விருது இல்லை என்று கேட்பாரே. மாசானம் அதை மென்று விழுங்கினார். "அவசரப்படாதீங்க, யோசிப்போம்" என்று மட்டும் சொன்னார். சடையப்பர் தலையைக் குனிந்துகொண்டே போனார். இவர் போய்விட்டால் குட்டிகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று மாசானத்துக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

சரி, எப்படியாவது இந்த வருஷம் கட்டிப்பிடித்துவிடுவோம் என்று முடிவு செய்தார். முதலில் குளத்துச் சேற்றை எடுத்து மார்பிலும் வயிற்றிலும் கனமாகப் பூசி வெயிலில் காய வைத்தார். பார்க்க மண்சுவர் நடந்துவருகிற மாதிரி இருந்தது. தாழம்புதரைக் கட்டிப்பிடித்து ஒத்திகை பார்க்கக் குனிந்தார். மொத்தமும் பொளபொளவென்று உதிர்ந்து காலடியில் விழுந்தது.

அடுத்து இலவம் பஞ்சு. உடம்பெல்லாம் தேன் தடவி, பஞ்சை அப்பிக்கொண்டார். தேனுக்கு எறும்பு வந்தது. பஞ்சு மூக்கில் ஏறித் தும்மலும் வந்தது. எறும்பு கடிக்கத் தும்மி, தும்மத் தும்மப் பஞ்சு பறந்து, கடைசியில் குளத்தில் குதித்துத்தான் தப்பித்தார். மீன்கள் சிரித்ததாகக் கேள்வி.

வேறு வழியில்லாமல் துணை முதல்வரைக் கூப்பிட்டார். அவர் பவளம் என்கிற முயலம்மா, எதையும் முகத்துக்கு நேரே கேட்கிறவர்.

"பவளம், எனக்கு முதுகுவலி. இந்தத் தடவை ஆசிரியர் விருதுக்கு மட்டும் நீங்க கட்டிப்பிடிச்சுடுங்களேன்."

"யாரை?"

"நம்ம சடையப்பரை."

பவளத்தின் காது இரண்டும் பின்னால் மடிந்தன. "ஐயா, எனக்கும் புள்ளை குட்டி இருக்கு" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்று, "ஓ, இத்தனை வருஷமா அவருக்குக் குடுக்காததுக்கு இதுதான் காரணமா?" என்று கேட்டார். மாசானம் முதுகைப் பிடித்துக்கொண்டார். வலிக்காத முதுகை.

விழா நாள் வந்தது. குளத்தங்கரை முழுக்கக் கூட்டம். முதலில் பணியாளர் விருது. வகுப்புக்கு மணி அடிக்கும் மரங்கொத்தியைக் கூப்பிட்டார்கள். மாசானம் கட்டிப்பிடித்ததில் மரங்கொத்தியின் அலகு மட்டும்தான் வெளியே தெரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

அடுத்து பழைய மாணவர் விருது. செண்பகம் என்கிற கீரிப்பிள்ளைக்கு. போன கோடையில் மான் குட்டிகள் ஏதோ கிழங்கைத் தின்றுவிட்டு நுரை தள்ளிக் கிடந்தபோது, ஒரு வேரைத் தேடிப் பிடித்து அரைத்து ஊற்றிக் காப்பாற்றியவள் அவள். மேடையில் ஏறினாள். மாசானம் கையை விரித்தார். அவள் அப்படியே நின்றாள்.

"எங்க சாருக்குக் கொடுத்ததுக்கு அப்புறம் நான் வாங்கிக்கிறேன் ஐயா."

"எந்த சாரும்மா?" மாசானத்துக்குத் தெரியாதா என்ன.

"சடையப்பர் சார்தான். ஆயிரம் வேர் கிடந்தாலும் எது மருந்து எது விஷம்னு மோந்து பார்த்துச் சொல்லக் கத்துக்கொடுத்தது அவர். அவரு இல்லேன்னா அந்த மான் குட்டிங்க இல்லை. அவருக்கு இல்லாத விருது எனக்கு எதுக்கு?"

எல்லாக் கண்ணும் சடையப்பர் பக்கம் திரும்பின. பாவம், கூச்சத்தில் அவர் முதுகு முட்கள் அத்தனையும் விறைத்துக்கொண்டு நின்றன. பக்கத்தில் இருந்த அணில்கள் நகர்ந்து உட்கார்ந்தன. மாசானத்துக்கு உள்ளங்கால் வரை வேர்த்தது.

சடையப்பர் எழுந்தார். "விடு செண்பகம். ஐயா மேல வருத்தப்படாதே. எனக்குத் தகுதி இல்லேன்னு அவருக்குத் தெரியும். நானே இன்னையோட கிளம்புறேன். நீ வாங்கிக்கோம்மா" என்றார்.

அதைக் கேட்டதும் மாசானத்துக்குத் தாங்கவில்லை. தன் ஒரு பயத்தை மறைக்கப்போய் இந்த நல்ல வாத்தியாரைப் பாதியாக்கிவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது. மானம் போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தார்.

"நில்லுங்க சடையப்பர். உங்க பாடத்துல ஒரு குறையும் இல்லை. என்னைக்குமே இருந்ததில்லை. நான் சொன்னதெல்லாம் பொய். எனக்கு முள்ளுன்னா பயம். உங்களைக் கட்டிப்பிடிக்கப் பயம். அவ்வளவுதான்."

குளத்தங்கரையே வாயைப் பிளந்தது. இத்தனை பெரிய கரடிக்கா என்று ஒரு தவளை முணுமுணுத்தது. பவளம் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

சடையப்பர் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார். "இவ்வளவு நாளும் இதுதானா?"

"இதேதான்."

"என் கிழங்குப் பாடம்?"

"அதைக் கேட்க நானே மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிப்பேன்யா."

சடையப்பர் நீளமாக மூச்சு விட்டார். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த மூச்சு அது. அது வெளியே வர வர, விறைத்து நின்ற முட்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து, முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டன. மாசானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முட்கள் படுத்து அவர் பார்த்ததே இல்லை.

"சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார் சடையப்பர். அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது. "எங்கே தப்புன்னு தேடித் தேடி நான் தூங்கலை. இந்த முள்ளு என் மனசு கலங்கினா நிக்கும், நிம்மதியா இருந்தா படுத்துக்கும். விழான்னு வந்தாலே எனக்குக் கலக்கம்தானே? நீங்க தள்ளித் தள்ளி உட்கார, எனக்கு இன்னும் கலங்கும். அதுவுமில்லாம முள்ளு முதுகுலதான். முன்பக்கம் வெறும் ரோமம்தான் ஐயா. எனக்கும் பொஞ்சாதி குட்டிங்க இருக்காங்களே, அவங்க எல்லாம் என்னை எப்படிக் கட்டிப்பிடிக்கிறாங்கன்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா?"

செண்பகம் வாசல் பாறையைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். குட்டிகள் பழக்க தோஷத்தில் ஒரே குரலில் ஓதின: "தொட்டுப் பார், மோந்து பார், அப்புறம் நம்பு."

மாசானம் தலையைச் சொறிந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ரொம்ப நாளாகக் காலில் தைத்திருந்த எதையோ பிடுங்கி எறிந்ததுபோல லேசாகவும் இருந்தது. மேடையை விட்டுத் தானே இறங்கி வந்தார். கையை நீட்டிச் சடையப்பரின் மார்பைத் தொட்டார். மெத்தென்று இருந்தது. மோந்து பார்த்தார். ஈரமண் வாசம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையைச் சுற்றிப் போட்டுக் கட்டிப்பிடித்தார்.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"ஆ, இடது கையில குத்துது" என்றார் மாசானம்.

"கையைக் கொஞ்சம் மேலே, கழுத்துப் பக்கம் ஏத்திக்கோங்க ஐயா."

மாசானம் ஏற்றினார். "இப்போ?" என்று கேட்டார் சடையப்பர்.

"இப்போ குத்தலை" என்று மாசானம் கண்ணைத் திறந்து சிரித்தார். அப்பாடா என்று குளத்தங்கரை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்து, அதன் பின்னாலேயே கைதட்டலும் எழுந்தது. மாசானம் விடுவதாக இல்லை. வாங்க வேண்டியதை எல்லாம் சேர்த்து வாங்கிக்கொள்கிறவர் போலச் சடையப்பரும் விலகவில்லை. கடைசியில் செண்பகம், "ஐயா, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க" என்று சொல்லி இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள்.

விழா முடிந்து கூட்டம் கலைந்தபோது மாசானம் மெதுவாகக் கேட்டார்: "அந்த மலைக்கு அந்தப் பக்கம் வளை?"

"அது கிடக்கட்டும் ஐயா. நாளைக்குக் காட்டுச்சேனைக் கிழங்குப் பாடம் இருக்கு" என்றார் சடையப்பர். "நீங்க மரத்துக்குப் பின்னாடி நிக்க வேண்டாம். முன்வரிசையில வந்து உட்காருங்க."

நம் பயத்தை மறைக்க நாம் சொல்லும் பொய்க் காரணம் எந்த முள்ளையும்விட ஆழமாக மற்றவரைக் குத்தும். எங்கே குத்துகிறது என்று உள்ளதைச் சொல்லிவிட்டால் கையை எங்கே வைக்க வேண்டும் என்று அவரே காட்டிவிடுவார்.