பூத்தால் திருப்புகிறேன்

குளத்துக் களையை இழுத்து இழுத்து அங்காயிக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. இன்றைக்கு அள்ளினால் நாளைக்கு மறுபடி தண்ணீரை மூடிவிடும். மூச்சுமுட்டி மீன் செத்து மிதக்கும்.

தலைக்கூடையை இறக்காமலே ஜமீன்தாரிடம் போனாள். “சாமி, அரண்மனைச் சாக்கடை குளத்துல விழுறவரைக்கும் இந்தக் களை அடங்காது. அதை வேற பக்கம் திருப்பிவிடுங்க.”

குளத்துப் பக்கமே எட்டிப்பார்க்காத ஜமீன்தார் உறுமினார். “ஆகாயத்துல தாமரை பூத்தாலும் பூக்கும், என் சாக்கடை திரும்பாது! போ, ஆகாயத் தாமரையைப் பறிச்சுட்டு வா. அன்னைக்கே திருப்புறேன்.”

சபை சிரித்தது.

அங்காயி கூடையை அவர் காலடியில் கவிழ்த்தாள். ஊதாப் பூவும் வேருமாகக் களை சரிந்தது.

“ஊர்ல இதுக்குப் பேரே ஆகாயத் தாமரைதான், சாமி. ஆனா பூத்தது உங்க சாக்கடையில. எந்தப் பக்கம் திருப்புறதுன்னு சொல்லுங்க, நான் போய்ப் படுக்கணும்.”