‘பார்க்கலாம்’ கொடுத்த உதவித்தொகை

‘பார்க்கலாம்’ என்றால் பார்க்கலாம் என்று பொருள் என நாட்டில் பலர் நம்புகிறார்கள். இந்தத் தவறான கருத்தால் விளைந்திருக்கும் சேதத்தை இதுவரை யாரும் கணக்கிடவில்லை. அலுவலகங்களில் அந்தச் சொல்லுக்கு ‘கிளம்புங்கள்’ என்று பொருள்.

பல்கலைக்கழக மாணவர்களுக்கு உதவி வந்த சிவக்கொழுந்து அறக்கட்டளை, கடைத்தெருவில் இருந்த தன் கட்டடத்தின் வாடகையில் நடந்தது. சாலையை அகலப்படுத்தக் கட்டடம் இடிபட்டதும் உதவித்தொகை நின்றது. அந்த ஆண்டு உதவித்தொகைத் தேர்வுக் குழு இருதயராஜை முதலிடத்திலும் பூங்கோதையை இரண்டாமிடத்திலும் வைத்திருந்தது. இருவரும் ஒன்றாக வந்து செயலாளர் பரமேசுவரனிடம் விசாரித்தார்கள்.

“பார்க்கலாம்ப்பா, பார்க்கலாம்மா” என்றார் அவர்.

இருதயராஜுக்குப் புரிந்துவிட்டது. “சரி சார், வர்றேன்” என்று சொல்லிவிட்டு, தூத்துக்குடியில் ஒரு டைல்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.

பூங்கோதைக்குப் புரியவில்லை. அவள் வீட்டில் மறுப்பதற்கு ‘முடியாது’ என்று தனிச்சொல் இருந்தது. கொத்தனாரான அவள் அப்பா கடன் வாங்கி முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டினார். அவளோ, அங்கே உதவி பெற்றுப் படித்த பழைய மாணவர்களைத் தேடிப் பிடித்து ஃபோனில் முன்கூட்டியே நன்றி சொன்னாள். “உங்க அறக்கட்டளை எனக்கு உதவப்போகுதுங்க. செயலாளரே சொல்லிட்டாரு.”

அறக்கட்டளை செத்துவிட்டதென்று நினைத்திருந்தவர்கள் கூசிப்போனார்கள். ஆளுக்குக் கொஞ்சம் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பினார்கள். ஓராண்டில் ஒருவரைப் படிக்கவைக்கும் அளவுக்குப் பணம் சேர்ந்தது.

செய்தி தூத்துக்குடிக்கும் போனது. இருதயராஜ் பல்கலைக்கழகத்தில் புதிதாக இடம் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். உதவி கிடைக்காதவர் படிப்பை விட வேண்டியதுதான். இருவருக்கும் அதே நிலை.

அறக்கட்டளைத் தலைவர் ஜமீலா செயலாளரைக் கேட்டார். “நீங்க எந்த அர்த்தத்துல சொன்னீங்க?”

“அப்ப சாப்பாட்டு நேரம், மேடம்.”

“நான் நம்பினதாலதான் பணமே வந்துச்சு” என்றாள் பூங்கோதை. “இவர்தான் வர்றேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரே.”

“வர்றேன்னுதானே சொன்னேன்? வந்திருக்கேன்.”

“அது போறவங்க சொல்றது.”

“பார்க்கலாம்கிறது மட்டும்? அனுப்புறவங்க சொல்றது.”

ஜமீலா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

வாசகரே, தவறாகப் புரிந்துகொண்டவள் அறக்கட்டளையைப் பிழைக்கவைத்தாள். சரியாகப் புரிந்துகொண்டவன் ஓராண்டை இழந்தான். உதவித்தொகை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: இருதயராஜுக்கு. சொற்களை அகராதிப்படி எடுத்தால் இருவருக்கும் செயலாளரின் வாக்கு உண்டு. அவனும் வருவதாகச் சொல்லி வந்துவிட்டான். பேச்சுவழக்குப்படி எடுத்தால் இருவருக்குமே வாக்கு இல்லை. எப்படி எடுத்தாலும் இருவரும் சமம். மிஞ்சுவது தேர்வுக் குழுவின் வரிசைதான். ஒருவருக்கு ஓர் அகராதியும் மற்றவருக்கு வேறொன்றும் வைக்கக் கூடாது. பணமும் அவள் பெயருக்கு வரவில்லை, அறக்கட்டளையின் பெயருக்கே வந்தது. ஜமீலாவும் இப்படித்தான் தீர்ப்புச் சொன்னார்.

“அப்ப எனக்கு?” என்றாள் பூங்கோதை.

“பார்க்கலாம்மா” என்றார் பரமேசுவரன், பழக்கத்தில்.

அன்று மாலையே பழைய மாணவர்களின் ஃபோன்கள் ஒவ்வொன்றாக ஒலிக்கத் தொடங்கின.