ரெஜினால்டின் காது

“என் கிட்டாரோட டோன் திரும்பி வரலேன்னா அந்தப் பொண்ணை இன்னிக்கே வேலையை விட்டு நிறுத்திடுங்க பாய்.”

மேடைக்குப் பின்னால் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த பிரமிளாவின் காதில் அது விழுந்துவிட்டது. சொன்னவர் கிட்டார் கலைஞர் ரெஜினால்ட். கேட்டுக்கொண்டிருந்தவர் அவளுடைய முதலாளி ஜலீல் பாய். கிட்டார் ஒலிக்கு மெருகேற்றும் ரெஜினால்டின் பெடலை அவள்தான் நேற்று கழற்றிச் சுத்தம் செய்திருந்தாள். கச்சேரிக்கு இன்னும் பத்தே நிமிடம்.

“தூசியைத் துடைக்கச் சொன்னா டோனையே துடைச்சிட்டியேம்மா,” என்றார் ரெஜினால்ட்.

பிரமிளா பெடலைக் கையில் எடுத்தாள். “ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால உக்காந்து பெடலோட குமிழைத் திருகறேன் சார். உங்க காதுக்குச் சரின்னு பட்டதும் சொல்லுங்க.”

அவள் பின்னால் போய் உட்கார்ந்ததும் அவர் வாசித்தார்.

“கூர்மையா இருக்கு. குறை.”

திருகினாள்.

“இன்னும் கொஞ்சம். நிறுத்து, இதுதான் என் டோன். கேட்டீங்களா பாய்? இதுக்கெல்லாம் காது வேணும்.”

“இப்ப குறை ஒண்ணும் இல்லையே சார்?”

“துளிகூட இல்லை.”

பிரமிளா பெடலைக் கையில் ஏந்தியபடி எழுந்து வந்தாள். அதில் ஒரு ஒயரும் இல்லை. பெடல் வழியாகப் போக வேண்டிய கிட்டாரின் ஒயர் நேராக ஆம்ப்ளிஃபயருக்குள் போயிருந்தது.

ஜலீல் பாய் ரெஜினால்டைப் பார்த்தார். ரெஜினால்ட் பெடலை வாங்கித் தன் பைக்குள் வைத்துவிட்டு, அந்த ஒயரை மாற்றாமலேயே கச்சேரியைத் தொடங்கினார்.