கொத்தனார் சுத்தின முறுக்கு

ஆத்தங்கரையில ஒரு சின்ன மடம். கோபுரம் கீபுரம்லாம் கிடையாது. ஓடு போட்ட கூடம், பின்னால அடுப்படி, அவ்வளவுதான். அங்க குருவா இருந்தவ பேரு உலகம்மை. நாப்பது வயசுகூட ஆகல. சீடர் இசக்கியப்பனுக்கோ அறுபது தாண்டியாச்சு. கொத்தனார். மடத்துக்குச் சுவரு எழுப்ப வந்த மனுசன், உலகம்மை பேசுறதக் கேட்டு அங்கயே தங்கிட்டாரு. அதுக்கு அவரு பொஞ்சாதி பேச்சியம்மா வந்து குருகிட்டப் போட்ட சண்டை இருக்கே, அது தனிக் கதை. கடைசியில அவளும் அங்கயே சமைக்க ஒக்காந்துட்டா. அது கிடக்கட்டும்.

ஒரு நாள் காலையில இசக்கியப்பனுக்கு வலது பக்கம் இழுத்துக்கிட்டுது. ஆஸ்பத்திரியில கிடந்து வந்தாரு. வாய் மொதல்ல தேறுச்சு, அது தேறாம இருக்குமா! பெறகு காலு தேறுச்சு. கை மட்டும் வரல.

எடது கையால சாப்பிடுங்கன்னு டாக்டர் சொன்னாரு.

"கால் கழுவுத கையாலயா சோறு திங்கச் சொல்லுதீரு?"ன்னு அங்கயே கத்திட்டாரு.

பேச்சியம்மா ஊட்டி விட வந்தா. "நான் என்ன பச்சப்புள்ளையா?"ன்னு தட்டைத் தள்ளி விட்டாரு. ஸ்பூன் வாங்கிக் குடுத்தா. அது ஜன்னல் வழியாப் பறந்துது. கஞ்சித் தண்ணி ரெண்டு மடக்கு, அதுக்கு மேல எறங்காது. வெறும் வயித்துல போடக்கூடாத மாத்திரை, அதனால மாத்திரையும் நின்னுபோச்சு. இப்படியே கிடந்தா மறுபடி இழுத்துக்கும், இன்னொரு தடவை தாங்கமாட்டாருன்னு டாக்டர் பேச்சியம்மாவைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு.

சோத்து மேல கோவப்படுறவங்க ஊருக்கு ஒருத்தர் உண்டு. சிதம்பரவடிவுன்னு ஒருத்தரு, கல்யாண வீட்டுல மொதப் பந்திக்குக் கூப்பிடலன்னு பாயசத்தை மோந்துகூடப் பாக்காம பஸ் ஏறிட்டாரு. வீட்டுக்கு வந்தா, எல்லாரும் அதே கல்யாணத்துக்குப் போயிட்டதால கதவு பூட்டிக் கிடக்கு! ராத்திரி அடுத்த வீட்டுல பழைய சோறு வாங்கிச் சாப்பிட்டாரு. அது ஒரு வேளைக் கோவம். இசக்கியப்பன் கோவம் உசிரைக் குடிக்கிற கோவம்லா.

குருபூசை நாள் வந்துது. அந்த மடத்துல ஒரு வழக்கம். அன்னிக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்து கைமுறுக்கு சுத்தணும். சாமிக்குப் படைச்சு, சூடம் காட்டுத வரைக்கும் ஒரு துணுக்குகூட வாயில படக்கூடாது. அதுக்கப்புறந்தான் பந்தி.

துணியை விரிச்சு எல்லாரும் சுத்திக்கிட்டு இருக்காக. இசக்கியப்பன் விறுவிறுன்னு உள்ள வந்தாரு.

"தாயே! செத்த கையை வெச்சுக்கிட்டு உசிரோட இருக்கவன் என்ன செய்யணும்? இன்னிக்குப் பதில் சொல்லுங்க."

"முறுக்கு சுத்தணும், அண்ணாச்சி"ன்னா உலகம்மை.

"கேலி பண்ணுதீங்களா?"

"ஆளு குறையுது. உக்காருங்க."

குரு சொல்லுக்கு உக்காந்தாரு. மூஞ்சி மட்டும் அடுப்பு மாதிரி எரியுது. உலகம்மை அவரு வலது உள்ளங்கையைத் திருப்பி, அதுல ஒரு உருண்டை மாவை வெச்சா.

"இந்தக் கைதான் செத்துப் போச்சே!"

"மாவு வெச்சுக்கிட எடம் வேணும்லா. எடது கையால கிள்ளிக் கிள்ளிச் சுத்துங்க."

"எடது கையாலயா சாமிக்கு?"

"சுவரு கட்டும்போது செங்கலை எந்தக் கையால எடுத்தீங்க?"

"கரண்டி வலதுல. செங்கல் எடதுல."

"அந்தச் சுவருக்குள்ளதான் சாமி இருக்கு. சுத்துங்க."

அவரு பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சாரு. மொத முறுக்கு மண்புழு மாதிரி கிடந்துது. ஓங்கி ஒரு அடி, துணியோட ஒட்டிப்போச்சு.

எதுத்தாப்புல கோமு. அடுத்த தெருக்காரி. மாவு பிசையறது, உப்புப் போடுறது எல்லாம் வருசா வருசம் அவ பொறுப்பு. யாரையும் பக்கத்துல விடமாட்டா.

"கொத்தனாரே, பூச்சு வேலை பாக்கீரா?"ன்னா.

"வாய மூடு. ஒம் மாவு விண்டு விண்டு போகுது. இத வெச்சுச் சுவருல ஓட்டைகூட அடைக்க முடியாது."

"ஆடத் தெரியாதவங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவாக."

"யாருக்குத் தெரியாது? பாருடீ!"

பாக்கச் சொல்லிட்டாருல்லா, இனி நிறுத்த முடியாது. ரெண்டாவது அறுந்துது. மூணாவது கோணிக்கிட்டுது. ஈரக் கையால தடவி ஒட்ட வெச்சாரு. மாவுத் திரியில முறுக்கு ஏறுச்சு. அடுத்த சுத்துக்குப் போனாரு. வலது உள்ளங்கையை முழங்காலுல அண்டக் குடுத்து, மாவு நழுவாம நிமித்தி வெச்சுக்கிட்டாரு. தலை குனிஞ்சபடியே கிடக்கு. வெயில் கூடத்துக்குள்ள வந்து, அவரு முதுகுல ஏறி, எறங்கியும் போயிருச்சு. அவரு பாக்கல. பேச்சியம்மா அடுப்படி வாசல்ல கரண்டியோட நின்னவ, உள்ள போகவே இல்ல.

கடைசியில நாலு சுத்து முறுக்கு ஒண்ணு, வட்டமா வந்துருச்சு.

"இந்தா, இதுக்கு என்ன கொறை?"

"வட்டமாத்தான் இருக்கு"ன்னா கோமு, வேண்டா வெறுப்பா.

எண்ணெயில போட்டு எடுத்தாக. அதுவும் அறுந்து போகாம மெதந்து வந்துது. இசக்கியப்பன் அதையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

"வெளுப்பா இருக்கு. வெண்ணெயும் பத்தல. உப்பும் கொறைச்சலாத்தான் இருக்கும்."

"என் கை உப்பையா சொல்லுதீரு?" கோமு எழுந்திரிச்சுட்டா. "நாக்குல ஒரு பருக்கை வெச்சு எத்தனை நாளாச்சு! இவருக்கு உப்பு தெரியுமாம், ஒறைப்பு தெரியுமாம்!"

"தெரியாதா? எனக்கா?"

தட்டுல இருந்த முறுக்கை வெடுக்குன்னு எடுத்தாரு. வாயில போட்டு நறுக்குன்னு கடிச்சாரு. மென்னாரு. முழுங்கினாரு. "கம்மி! நான் சொல்லல?"ன்னு கத்திக்கிட்டே இன்னொரு கடி.



"அடப்பாவி!" கோமு நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. "படையலுக்கு முன்னால எச்சி பண்ணிட்டீரே! அதுவும் எடது கையால! தாயே, பூசையே கெட்டுப் போச்சே! இப்ப என்ன செய்யுறது?"

இசக்கியப்பன் அப்பந்தான் குனிஞ்சு பாத்தாரு. எடது கையில பாதி முறுக்கு. வெரல் பூராவும் எண்ணெய். வாயில இருக்குறத மெல்லுறதா துப்புறதான்னு தெரியாம முழிச்சாரு.

உலகம்மை மாவுக் கையைத் தட்டிக்கிட்டு எழுந்தா.

"எலையப் போடுங்க"ன்னா. "சாமி சாப்பிட ஆரம்பிச்சாச்சு."