ஒரு நிமிஷமும் நிற்காமல் மாறிய சர்வர்

கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனம். நாற்பது பேர் எழுதும் நிரல்களை, யார் எப்போது எதை மாற்றினார் என்ற விவரத்தோடு ஒரு கிழட்டு சர்வர் காத்துவந்தது. அத்தனையையும் புதிய சர்வருக்கு மாற்றும் வேலை, பயிற்சியில் இருந்த இசக்கியம்மாளுக்கு வந்தது.

"ஆபீஸ் நேரத்துலயே மாத்தணும். யார் வேலையும் ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது. முடிஞ்சா வேலை நிரந்தரம். இல்லேன்னா ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கோம்மா" என்றார் மேலாளர் வைத்தீஸ்வரன்.

ஆனால் மாற்றும் இரண்டு மணி நேரமும் யாரும் பழைய சர்வரில் எதையும் பதியக் கூடாதே என்று யோசித்தாள் இசக்கி.

"சரி சார். புதன்கிழமை பத்து மணிக்கு நேரத்தோட அருமை பத்தி எல்லாருக்கும் நீங்க பேசணும்" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது.

புதன்கிழமை பன்னிரண்டரை வரை பேசினார். கடைசி வரிசையில் இசக்கி மட்டும் மடிக்கணினியில் தட்டிக்கொண்டே இருந்தாள். குறிப்பெடுக்கிறாள் என்று பூரித்துப்போனார்.

பேச்சை முடித்ததும் அவளைக் கேட்டார்: "சர்வரை எப்பம்மா மாத்தப் போறே?"

"மாத்தியாச்சு சார்."

"யார் வேலையும் நிக்கலையே?"

"என்னால நிக்கலை சார். பத்து மணிக்கே நீங்க நிறுத்திட்டீங்க."

கூட்டமே சிரித்தது. வைத்தீஸ்வரனும் சிரித்துவிட்டார். நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்: "அடுத்த சர்வர் எப்பம்மா? எனக்கு இன்னும் பேச வேண்டியது பாக்கி இருக்கு."