நரியார் முன்னால் யாரும் சொல்லாதது

ஆற்றங்கரைக் காட்டில் மண்ணழகி என்றொரு பெருச்சாளி இருந்தாள். வளை தோண்டுவதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அது அவளுக்கும் நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி அடக்கம் காட்டுகிற பழக்கமெல்லாம் அவளிடம் இல்லை.

ஐப்பசி பிறந்தால் ஆறு கரைபுரண்டு காட்டுக்குள் வந்துவிடும். சின்னப் பிராணிகள் எல்லாம் செம்மண்மேட்டுக்கு ஓடும். தண்ணீர் வடியும்வரை மழையில் நனைந்துகொண்டு அங்கேயே நிற்கும். அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளக் காலத்தில் யாரும் யாரையும் தின்னக்கூடாது. அந்த வழக்கத்துக்குக் காவல் நரியார். அவரைக் காவலுக்கு யார் வைத்தது என்று கேட்காதீர்கள். அவரே வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் மேட்டுக்குள் பெரிய வளை ஒன்று தோண்டுவதென்று முடிவாயிற்று. மேட்டுக்குக் கீழே இருந்த மருதமரத்தடியில் கூட்டம் கூடியது.

"யாருக்கு என்ன வேணுமோ இப்பவே சொல்லிடணும்!" என்றார் நரியார். "பாதி வேலையில வந்து அதை மாத்து, இதை மாத்துன்னா கடிச்சுப்புடுவேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காமல் இருக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

கிளையில் தொங்கிக்கொண்டிருந்த குரங்கு குறுக்கிட்டது. "கூட்டமும் வேணாம், கேள்வியும் வேணாம்! நீ பாட்டுக்குத் தோண்டு மண்ணழகி! தோண்டத் தோண்டத் தானாத் தெரியும். பிடிக்கலேன்னா வேற பக்கம் தோண்டிக்கலாம்!"

"மரத்து மேல குடியிருக்கறவனுக்குப் பேச்சு சுலபமா வரும்!" என்றாள் மண்ணழகி. "வெள்ளம் வந்தப்புறம் வாசலைத் தூக்கி மேல வைக்க முடியுமாடா? எதைப் பின்னால மாத்த முடியாதோ, அதை முதல்லயே முடிவு பண்ணியாகணும். மத்ததைச் செய்யச் செய்யப் பாத்துக்கலாம்."

மருதமரத்தில் போன வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கறை இருந்தது. அவள் அதை அண்ணாந்து பார்த்தாள். வாசல் அந்த உயரத்துக்கும் மேலே இருக்க வேண்டும். மழை கிழக்கிலிருந்து அடிக்கும். ஆகவே வாசல் மேற்கு பார்த்து இருக்க வேண்டும். இந்த இரண்டையும் எல்லோரையும் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

"சரி, உள்ளே எப்படி இருக்கணும்?"

"காது இடிக்காம இருந்தாப் போதும் அக்கா" என்றது முயல்.

"எறங்கற வழி செங்குத்தா இருக்கக்கூடாது" என்றது ஆமை.

முள்ளெலியிடம் கேட்டாள். அதற்குப் புதிதாகக் குட்டிகள் பிறந்திருந்தன. அது நரியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. "நீங்க எப்படிச் செஞ்சாலும் சரிதாங்க அக்கா."

நரியார் தொண்டையைச் செருமினார். "என் காவலுக்குத் தோதா வழி அகலமா இருக்கணும். வாசல்லேருந்து கடைசி அறை வரைக்கும் நான் தாராளமா நடந்து போய் எல்லாரையும் விசாரிக்கணும், பாரு. எல்லாருக்கும் சம்மதம்தானே?"

"சம்மதங்க!" என்றார்கள் எல்லோரும்.

மண்ணழகிக்குப் பரம திருப்தி. இவ்வளவு ஒற்றுமையான கூட்டத்தை அவள் பார்த்ததே இல்லை. அவள் சொந்த வளையில் பிறந்து சொந்த வளையில் வளர்ந்தவள். வெள்ளத்தில் மேட்டில் நின்ற அனுபவமே அவளுக்குக் கிடையாது. அதனால் அந்த ஒற்றுமையில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

வேலை மளமளவென்று நடந்தது. முதல் அறை முடிந்ததுமே, "வாங்க! நடந்து பாருங்க!" என்று எல்லோரையும் கூப்பிட்டாள்.

"முழுசா முடியட்டுமே, என்ன அவசரம்?" என்று நரியார் முணுமுணுத்தார்.

"முடிஞ்சப்புறம் குறை சொன்னா நான் மறுபடி தோண்டணும், நீங்க மறுபடி நனையணும்!"

நடந்து பார்த்ததில் ஆமை சறுக்கி மல்லாந்து விழுந்தது. சரிவைக் குறைத்து, கால் பிடிக்கச் சரளைக்கல் பரப்பினாள். அப்புறம் ஆமை ராஜநடை போட்டு இறங்கியது. முயலின் காது ஓரிடத்தில் உரசியது. கூரையைக் கொஞ்சம் சுரண்டிவிட்டாள். கடைசி அறை வரை அகலமான வழியும் தயாராகிவிட்டது. வேலை பிரமாதம் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்!

அப்போது ஒரு தூறல் வந்தது. நரியார் முதல் ஆளாக வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். மற்றவர்கள் வாசலிலேயே தயங்கி நின்றார்கள். முள்ளெலி வாசல் பக்கமே வரவில்லை. குட்டிகளை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு மழையிலேயே நின்றது.

மண்ணழகிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன், என் வேலையில என்ன குறை கண்டே?"

"குறை ஒண்ணும் இல்லீங்க அக்கா. நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்தா ஏன் நனையறே?"

குட்டிகள் வெடவெடவென்று நடுங்கின. அதைப் பார்த்ததும் மண்ணழகியின் கோபம் இறங்கிப்போயிற்று. "சரி, என் வீட்டுக்கு வா. குட்டிங்க சாகக் கிடக்குது" என்று தன் சொந்த வளைக்குக் கூட்டிப்போனாள்.

அது இடுக்கு வளை. உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். ஆனால் முள்ளெலி ஒரு கணம்கூடத் தயங்காமல் விறுவிறுவென்று உள்ளே போயிற்று. குட்டிகள் படுத்தவுடனே தூங்கிவிட்டன.

மண்ணழகிக்கு வியப்பு தாங்கவில்லை. "அங்க அரண்மனை மாதிரி கட்டி வச்சிருக்கேன், வரமாட்டேங்கறே. இந்தப் பொந்துக்குள்ள மட்டும் எப்படி ஓடி வந்தே?"

"இங்க அவரால நுழைய முடியாதே அக்கா!"

"யாரால?"

முள்ளெலி குரலைத் தாழ்த்திக்கொண்டது. "போன வெள்ளத்துல எல்லாரும் மேட்டுலதான் நின்னோம். தண்ணி வடிஞ்சப்ப என் குட்டிங்களைக் காணோம். ஆத்துல போயிடுச்சுன்னு நரியார் எனக்கு ஆறுதல் சொன்னாரு. ஆனா தண்ணி மேட்டுக்கு ஏறவே இல்லையே அக்கா!"

மண்ணழகி தூங்கும் குட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். "இதை அன்னிக்குக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே?"

"அவர் பக்கத்துல உக்காந்திருக்கும்போது கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

மறுநாள் அவள் முயலைத் தனியாகப் பார்த்துக் கேட்டாள். ஆமையையும் தனியாகக் கேட்டாள். கூட்டத்தில் காதைப் பற்றியும் சரிவைப் பற்றியும் பேசியவர்கள், தனியாகக் கேட்டதும், நரியார் வரக்கூடிய இடத்துக்குள் போகமாட்டோம் என்ற ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். அவள் யாருக்காக வளை தோண்டினாளோ அவர்கள் யாருமே அதற்குள் நுழையப் போவதில்லை! மானக்கேடுதான். ஆனால் ஐப்பசி மழைக்கு இன்னும் அவகாசம் இருந்தது. அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. நகத்தைத் தீட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வாசலை ஒட்டிய முன்னறைக்கு அப்பால் இருந்த அகல வழியைக் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்தாள். அதன் பக்கவாட்டில் ஒரு குறுகல் வழி குடைந்தாள். ஆமையை நுழைந்து பார்க்கச் சொன்னாள். ஓடு உரசியது. உரசிய இடத்தை மட்டும் சுரண்டினாள். மறுபடி நுழையச் சொன்னாள். ஆமை உள்ளே போய்விட்டது. அதற்குமேல் ஒரு பிடி மண்ணைக்கூட அவள் எடுக்கவில்லை.

நரியார் வந்து பார்த்தார். மூக்கு விடைத்தது. "என்ன இது? கூட்டத்துல பேசினது வேற, நீ செஞ்சிருக்கறது வேற! யாரைக் கேட்டு மாத்தினே?"

உள்ளே குறுகல் வழியை நடந்து பார்த்துக்கொண்டிருந்த முள்ளெலிக்கு உயிரே போய்விட்டது. மண்ணழகி அசரவில்லை.

"ஐயா, நீங்க காவல்காரர். காவல்காரர் வாசல்ல இருந்தாத்தானே மரியாதை? கண்டவங்களோட கடைசி அறையில முட்டிமோதலாமா? முன்னறை முழுக்க உங்களுக்கு! நல்ல காத்து வரும். உள்ளே வர்றவங்க எல்லாரும் உங்களைக் கும்பிட்டுட்டுத்தான் வரணும். கண்டிப்பா உள்ளே போயே ஆகணும்னா காரணத்தைச் சொல்லுங்க, எல்லாரையும் கூப்பிட்டு வச்சு மாத்திடறேன்."

நரியார் வாயைத் திறந்தார். காரணம் இருந்தது. எல்லோரையும் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய காரணமாக இல்லை. வாயை மூடிக்கொண்டார்.

ஐப்பசி மழை கொட்டியது. ஆறு உடைத்துக்கொண்டு வந்தது. முயலும் ஆமையும் மற்றவர்களும் திபுதிபுவென்று உள்ளே ஓடி, குறுகல் வழியில் நுழைந்து மறைந்தார்கள். கடைசியாக முள்ளெலி குட்டிகளை முன்னால் தள்ளிக்கொண்டு போயிற்று. தண்ணீர் வாசலுக்குக் கீழேயே நின்றது. சாரல் உள்ளே வரவில்லை.

மழை விடுவதாக இல்லை. முன்னறையில் நரியாருக்குப் பசி எடுத்தது.

"உள்ள எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்துக்கொண்டே குறுகல் வழியில் மூக்கை நுழைத்தார். தலை போகவில்லை. சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ம்ஹூம்! அந்த நேரம் பார்த்து முள்ளெலி முள் முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்து வந்தது.

"ஐயோ! மூக்கு! மூக்கு!" என்று அலறினார் நரியார். "என்னால உள்ளே வர முடியலையே!"

"அதுதாங்க எங்களுக்கு வேணும்!" என்றது முள்ளெலி. "அன்னிக்கு என்ன வேணும்னு கேட்டீங்களே, அதுதான்!"

உள்ளே எழுந்த சிரிப்பில் மண் உதிர்ந்தது. இந்தத் தடவை யாரும் பயந்து சிரிக்கவில்லை. வெள்ளம் வடிந்து வெயில் அடித்தபோது, முள்ளெலி தன் குட்டிகள் அத்தனையையும் வெளியே நடத்திக்கொண்டு வந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

பிறருக்காக ஒரு வேலையைச் செய்பவர் தொடங்குமுன்னும் கேட்க வேண்டும், செய்யும்போதும் கேட்க வேண்டும். வலியவர் இல்லாத இடத்தில் எளியவரைக் கேட்டால்தான் உண்மையில் என்ன தேவை என்பது தெரியும்.