உறையனுக்கு வாயில் இடமில்லாமல் போனது

பல்லுக்கும் பாலுக்கும்கூடப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், உறையனுக்கு முதலில் துரோகம் செய்தது நாக்குதான். சொத்தைப் பூச்சி வந்தது அதற்கு அப்புறம். ஊரார் பூச்சியைத்தான் திட்டுகிறார்கள். உறையன் ஒருநாளும் ஆளை மாற்றித் திட்டியதில்லை.

உறையன் கண்ணுக்கே தெரியாத சின்ன உயிர். மாடு வளர்த்த பூவாயியின் வாயில், கடைவாய்ப் பல்லின் இடுக்கில் குடியிருந்தான். அவனை அழைத்து வந்து, "இங்கேயே உறை அண்ணே" என்று வாக்குக் கொடுத்ததே நாக்குதான். அவனுக்குக் காவல் வேலை. பூச்சி ஈறோரம் தலை நீட்டினால் புளிச்சென்று ஒரு துப்பு துப்புவான், அது ஓடிவிடும். கடைவாய்ப் பல் அவனை மாமா என்றுதான் கூப்பிடும்.

ஒருநாள் பூவாயி முதன்முதலாக வெல்லம் தின்றாள். நாக்கு சொக்கிப்போனது. பூச்சி வெளியே நின்றபடியே, அந்தப் புளிப்பன் உள்ளே இருக்கும்வரை உனக்கு இனிப்பு ஏது அக்கா என்று ஓதிவிட்டது.

நாக்கு உறையனிடம் குழைந்துகொண்டு வந்தது. பூவாயி பால் காய்ச்சி இளஞ்சூடாக வைத்திருக்கிறாள், அதில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வா, வெல்லம் தீர்ந்ததும் நானே கூப்பிடுகிறேன் என்றது.

"என் இடம்?" என்று கேட்டான் உறையன்.

"இடம் எங்கே அண்ணே ஓடிப்போகும்?"

போகாதே மாமா என்று பல் கெஞ்சியது. அவன் கேட்கவில்லை. நாக்கின் வாக்கை நம்பினான். பூவாயி சூடு பார்க்கச் சட்டியில் வாய் வைத்தபோது பாலுக்குள் குதித்தான்.

அப்போது நாக்கு ஒரே ஒரு சொல் சொன்னது.

"உறை."

உறையன் காதில் அது தங்கு என்று விழுந்தது. பாலின் காதில் கட்டியாகு என்று விழுந்தது. இரண்டு பேரும் சொன்னபடி கேட்டார்கள். பால் இறுகியது. உறையனுக்குக் கையும் அசையவில்லை, காலும் அசையவில்லை. உள்ளேயிருந்து அவன் கத்தியது யாருக்கும் எட்டவில்லை.

கெட்டியான பாலைப் பார்த்துப் பூவாயி அதிசயப்பட்டாள். வெல்லச் சோறு தின்று முடித்த பிறகு, அதையும் கொஞ்சம் பிசைந்து தின்றாள். உறையன் விழுந்தடித்துக்கொண்டு தன் இடுக்குக்கு ஓடினான். அங்கே பூச்சி குடியேறிவிட்டது. பல் பாதி கறுத்துப்போயிருந்தது.

"இவ்வளவு நேரம் எங்கே மாமா போயிருந்தாய்?" என்றது பல்.

அவன் நாக்கிடம் இடத்தைக் கேட்டான்.

"சாப்பாடு முடிந்துவிட்டதே அண்ணே. நாளைக்கு வாயேன்."

பூவாயி தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினாள். உறையன் மண்ணில் கிடந்தான்.

சட்டித் தயிரில் பெருகி மிச்சமிருந்த அவன் இனம் மறுநாள் வந்து கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது. அதே பதில், அதே தண்ணீர். பிறகு ஒருநாள் அந்த இடத்தில் பல்லே இல்லை. வெறும் குழிதான் இருந்தது. மாமா என்று கூப்பிட ஆளில்லை.

அன்று தொட்டுத்தான் விருந்தில் பாயசத்துக்கும் பின்னால், கடைசி ஆளாக மோர் வருகிறது. குடித்த கையோடு எல்லோரும் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுகிறார்கள். சட்டியில் கிடக்கும் தயிர் நாளாக நாளாகப் புளித்துப்போவதும் அதனால்தான். நானே கூப்பிடுகிறேன் என்று சொன்ன நாக்கு, இன்றுவரை கூப்பிடவில்லை.